பேஸ் கிட்டார் டோன்: கையில் எவ்வளவு, கருவியில் எவ்வளவு?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "இரண்டு வருடமாக இரவல் பேஸ் கிட்டாரில் வாசிக்கிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். ஒருவர் பிரசிஷன் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் ஜாஸ் பேஸ்தான் என்கிறார். மூன்றாமவரோ 'எதை வாங்கினால் என்ன, டோன் விரலில் இருக்கிறது' என்று முடித்துவிடுகிறார். ஃப்ளாட்வவுண்டா ரவுண்ட்வவுண்டா என்று வேறு குழப்பம். பிக் வைத்து வாசித்தால் கிண்டல். யார் சொல்வதைக் கேட்பது?"

பிரசிஷனும் ஜாஸும் ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் மாடல்கள்; ஃப்ளாட்வவுண்டும் ரவுண்ட்வவுண்டும் தந்தி வகைகள்; பிக் என்பது விரலுக்குப் பதிலாகத் தந்தியை மீட்டும் சிறு தகடு; டோன் என்றால் ஒலியின் தன்மை. மூன்றாமவரிடமிருந்தே தொடங்குகிறேன். பேஸ் வாசிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் அந்த வாக்கியம் எப்படியும் வந்துவிடும், வந்ததும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். அது பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தந்தியை மீட்டும் கணம் ஒன்று, அது ஒலித்துக்கொண்டிருக்கும் நேரம் ஒன்று, அது நிற்கும் கணம் ஒன்று. தொடக்கமும் முடிவும் கிட்டத்தட்ட முழுக்க உங்கள் கையில் இருக்கின்றன. நடுவில் ஒலிப்பதன் நிறத்தைப் பெரும்பாலும் தந்தியும், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பும், ஆம்பும் முடிவு செய்கின்றன. பேஸ் கலைஞர் பீனோ பல்லடீனோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் கம்பிகள் இல்லாத) ஸ்டிங்ரே பேஸில் வழுக்கி வழுக்கிப் பாடுகிற மாதிரி வாசித்தவர், பின்னால் ஃப்ளாட்வவுண்ட் மாட்டிய பிரசிஷனுக்கு வந்து அடக்கமான, தடித்த ஒலியில் வாசித்தார். விரல்கள் அதே விரல்கள். ஒலியின் நிறம் அடியோடு மாறிவிட்டது. ஆனால் ஸ்வரத்தை எங்கே வைக்கிறார், எப்போது விடுகிறார் என்பதில் அதே ஆள்தான் என்று தெரிந்துவிடும். இரண்டு கட்சிக்கும் அவரே சாட்சி.

கை விஷயத்தைச் சோதிக்க எதையும் வாங்க வேண்டாம். ஏ தந்தியை எங்கும் அழுத்தாமல், ஃப்ரெட்போர்டு முடியும் இடத்தில் ஒருமுறை, பிக்கப்புக்கு மேலே ஒருமுறை, உடலில் தந்திகள் முடியும் பிரிட்ஜிலிருந்து மூன்று நான்கு விரல் தள்ளி ஒருமுறை, ஒரே பலத்தில் மீட்டுங்கள். முதல் இடத்தில் ஒலி உருண்டையாக, கொஞ்சம் மங்கலாக வரும். பிரிட்ஜ் பக்கம் வந்தால் கூர்மையாக, மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும். தந்தியின் நடுப்பகுதியை நெருங்கி மீட்டினால் அடிப்படை அதிர்வு பலமாக எழும். ஓரத்தில் மீட்டினால் அதன் மடங்குகளான மேல் அதிர்வுகளின், அதாவது ஹார்மோனிக்ஸின், பங்கு கூடும். கையை இரண்டு அங்குலம் நகர்த்தினால் கிடைக்கும் வித்தியாசம் ஆம்பில் ட்ரெபிள் நாபைத் திருப்பிக் கிடைப்பதைவிடப் பெரிது. ஆனாலும் பலர் பிக்கப் மேல் கட்டைவிரலை ஊன்றினால் பாட்டு முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. வெர்ஸில் நெக் பக்கமும் கோரஸில் பிரிட்ஜ் பக்கமும் கை போய்வருவது ஒரு பழக்கமாகிவிட்டால், நாபைத் தொடவே வேண்டியிருக்காது.

விரல் தந்தியைத் தொடும் கோணமும் அப்படித்தான். விரல் நுனியின் ஓரத்தால் மீட்டினால் ஒலி தெளிவாகும். சதைப்பகுதி முழுக்கப் பட்டால் மெத்தென்று இருக்கும். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலதுகையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே பயன்படுத்தினார். அந்த விரலுக்கு 'கொக்கி' என்றே பட்டப்பெயர். அவர் டபுள் பேஸிலிருந்து வந்தவர், அந்தப் பழக்கத்தை எலெக்ட்ரிக் பேஸுக்கும் கொண்டுவந்தார். ஒரே விரல் என்பதால் எல்லா மீட்டலிலும் ஒரே தடிமன். இரண்டு விரலால் மாற்றி மாற்றி வாசிக்கும் நமக்கு, நடுவிரல் ஸ்வரமும் ஆள்காட்டி விரல் ஸ்வரமும் வேறு வேறாக ஒலிக்கிற தொல்லை எப்போதும் உண்டு. மெட்ரோனோமை மெதுவாக வைத்து ஒரே ஸ்வரத்தைப் பதிவு செய்து கேளுங்கள். எந்த விரல் எது என்று கண்டுபிடிக்க முடிந்தால், பயிற்சி இன்னும் பாக்கி இருக்கிறது.

பலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தன் சத்தம் தனக்குக் கேட்காததால்தான் பலர் ஓங்கி வாசிக்கிறார்கள். தந்தி ஃப்ரெட்டில் மோதிச் சடசடக்கும், ஸ்வரம் எழும்பும்போதே கொஞ்சம் மேலே போய்த்தான் சுருதிக்கு இறங்கும், முக்கால் பாட்டில் முன்கை இறுகிவிடும். ஆம்பைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு மெதுவாக வாசித்தால், அழுத்தம் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கக் கையில் மிச்சம் இருக்கும். ராக், மெட்டல் வாசிப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே அந்தச் சடசடப்பே டோனின் ஒரு பகுதி, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வேண்டும் என்று வரவழைப்பது வேறு, அடக்க முடியாமல் வந்துவிடுவது வேறு.

இப்போது ஸ்வரத்தின் முடிவு. யாரும் கேட்காத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். டிரம்ஸ் லூப் ஒன்றை ஓடவிட்டு நாலு அடிக்கு நாலு ஸ்வரம் வாசியுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் அடுத்தது வரும்வரை நீள விடுங்கள். அப்புறம், ஸ்னேர் விழுகிற இரண்டாம், நான்காம் அடிக்குச் சற்று முன்பே முந்தைய ஸ்வரத்தை வெட்டுங்கள். இரண்டையும் பதிவு செய்து வாசிக்காத ஒருவரிடம் போட்டுக்காட்டினால், இரண்டாவதில் பேஸ் கிட்டாரையே மாற்றிவிட்டதாகச் சொல்வார். ஸ்னேருக்கு இடம் கிடைத்ததால் டிரம்ஸும் பெரிதாகத் தெரியும். நாபும் மாறவில்லை, தந்தியும் மாறவில்லை.

வெட்டுவது எப்படி என்றால், இடதுகை விரலின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும்; தந்தியைவிட்டு விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் திறந்த தந்தி லேசாக ஒலித்துவிடும். ஒரே விரல் தொட்டிருக்கும் இடம் ஹார்மோனிக் பிறக்கிற ஐந்தாம், ஏழாம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுகளாக இருந்தால் தளர்த்தும்போது ஒரு மெல்லிய விசில் வரும். அங்கே பக்கத்து விரலையும் கூடவே படரவிட வேண்டும். வாசிக்காத தந்திகளைச் சும்மா இருக்க வைப்பதும் இதே வேலைதான். ஜி தந்தியில் வாசிக்கும்போது இ தந்தி அடியில் முனகிக்கொண்டே இருந்தால் மொத்த ஒலியும் சேறாகிவிடும். வலதுகைக் கட்டைவிரலை பிக்கப்பிலேயே நட்டுவைக்காமல், மேல் தந்திகளுக்குப் போகும்போது அதையும் கீழ்த்தந்திகளின் மேல் நகர்த்திச் சாய்த்து வைப்பவர்களின் வாசிப்பு சுத்தமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆரம்பகால ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜை மூடும் உலோகத் தகட்டுக்குள் ஒரு ஸ்பாஞ்சு ஒட்டப்பட்டிருக்கும், தந்திகள் நீள ஒலிக்காமல் இருக்க. பின்னால் வந்தவர்கள் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஜேமர்சன் கழற்றவில்லை. ஸ்டூடியோ பேஸ் கலைஞர் கரோல் கே தந்திகளின் மேல் ஃபெல்ட் துணி வைத்து வாசித்தார். இரவல் பேஸ்தானே, ஒரு துண்டு ஸ்பாஞ்சை வெட்டி பிரிட்ஜுக்கு முன்னால் தந்திகளுக்கு அடியில் செருகிப் பாருங்கள். பழைய சோல் பாடல்களில் கேட்ட 'தும்' உடனே வந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம்.

தந்திக்கு வருகிறேன். குறைந்த சிரமத்தில் அதிகம் மாறுவது இங்கேதான் என்பது என் கட்சி. எலெக்ட்ரிக் பேஸ் வந்த புதிதில் எல்லோரும் வாசித்தது ஃப்ளாட்வவுண்ட், அதாவது வெளிச்சுற்று தட்டையான நாடாவாகச் சுற்றப்பட்டது. 1960களின் நடுவில்தான் நிலைமை மாறுகிறது. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் தனக்கு பியானோ மாதிரி கணீரென்ற ஒலி வேண்டும் என்று ரோட்டோசவுண்ட் தந்தி நிறுவன ஆட்களோடு உட்கார்ந்து வேலை செய்ததிலிருந்து, வெளிச்சுற்று உருண்டைக் கம்பியாக உள்ள ரவுண்ட்வவுண்ட் பரவியது. இன்று கடையில் வாங்கும் பேஸில் மாட்டியிருப்பது அநேகமாக அதுதான், தடிமன் பெரும்பாலும் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 45இலிருந்து 105 வரை.

ரவுண்ட்வவுண்ட் புதிதாக இருக்கும்போது மினுமினுவென்று ஒலிக்கும். சில வாரங்களில் வியர்வையும் அழுக்கும் சுற்றுகளுக்கு இடையே புகுந்து அந்த மினுமினுப்பு போய்விடும். செத்த தந்தியைக் கழற்றித் தண்ணீரில் கொதிக்கவைத்து மறுபடி மாட்டுகிறவர்கள் உண்டு. உயிர் திரும்பும், ஆனால் கொஞ்ச நாளுக்குத்தான். திரும்பத் திரும்பச் செய்தால் சுருதியும் நிற்காது. ஃப்ளாட்வவுண்ட் கதை தலைகீழ். புதிதில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பழகப் பழகத்தான் நன்றாகும். ஜேமர்சன் தன் 1962 பிரசிஷனில் கனமான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் மாட்டியிருந்தார், அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார் என்பது ஊரறிந்த கதை. பராமரிப்பில் சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடையாது.

ஃப்ளாட்வவுண்டை 'பழைய பாட்டுக்கு மட்டும்' என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. விரல் தேய்கிற கீச்சொலி இல்லை, ஃப்ரெட்போர்டு தேய்வதில்லை, கிக் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே வகைப் பாட்டுக்கு அது பொருந்தாது: ஸ்லாப். கட்டைவிரல் அடியில் வரும் அந்த உலோகச் சத்தம் ஃப்ளாட்வவுண்டில் செத்துப் பிறக்கும். அதை விரும்பிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. தடிமனோ வகையோ மாறினால் இழுவிசை மாறும். நாலு தந்தியும் ஒவ்வொன்றும் 15 முதல் 20 கிலோ அளவில் நெக்கை இழுத்துக்கொண்டிருக்கின்றன. கனமான ஃப்ளாட்வவுண்ட் மாட்டினால் நெக் சற்று வளையும், தந்தி உயரும், நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடைச் சரிசெய்ய வேண்டிவரும். இதைச் செய்யாமல் 'ஃப்ளாட்வவுண்ட் கையைக் கடிக்கிறது' என்று சொல்லிக் கழற்றி வைத்தவர்கள் நிறையப் பேர்.

சரி, பிரசிஷனா ஜாஸா.

லியோ ஃபெண்டரின் பிரசிஷன் 1951இல் வந்தது. இன்று நாம் பார்க்கிற இரண்டாகப் பிளந்த பிக்கப் 1957இல் சேர்ந்தது. இ, ஏ தந்திகளுக்கான பாதி நெக் பக்கம் தள்ளியும், டி, ஜி தந்திகளுக்கான பாதி பிரிட்ஜ் பக்கம் தள்ளியும் இருக்கும். இரண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றப்பட்டதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப், இரண்டுக்கும் தனித்தனி வால்யூம், பொதுவாக ஒரு டோன். நெக் தலைப்பக்கம் ஒல்லி: அங்கே தந்திகள் படியும் நட்டின் அகலம் 38 மில்லிமீட்டர். பிரசிஷனில் வழக்கமாக 41 அல்லது 44. எண்ணில் சின்ன வித்தியாசம், கையில் பெரிய வித்தியாசம். சிறிய கைக்காரர்கள் ஜாஸ் பக்கம் சாய்வதற்கு டோனைவிட இதுதான் முதல் காரணம். அதிரும் தந்தியின் நீளம் (ஸ்கேல்) இரண்டிலும் ஒன்றே, 34 அங்குலம்.

ஒலியில் என்ன நடக்கிறது? ஜாஸில் இரண்டு பிக்கப்பையும் முழுசாகத் திறந்தால், தந்தியின் இரண்டு இடத்திலிருந்து எடுத்த ஒலி சேரும்போது நடு அலைவரிசையில் சிலது ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். அதனால் அடி அலைவரிசையும் மேல் அலைவரிசையும் எடுப்பாக, நடு குழிவாக இருக்கும். தனியாகக் கேட்க அழகு, ஸ்லாப்புக்கு இன்னும் அழகு. ஸ்லாப்புக்குப் பேர்போன மார்கஸ் மில்லரின் ஒலி 1977ஆம் வருட ஜாஸ் பேஸிலிருந்து வருவது. எழுபதுகளின் ஜாஸில் பிரிட்ஜ் பிக்கப் சுமார் 10 மில்லிமீட்டர் பிரிட்ஜை நோக்கி நகர்த்தப்பட்டிருக்கும், அந்தப் பத்து மில்லிமீட்டர் காதுக்குத் தெரியும். நெக் பிக்கப்பைக் குறைத்து பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் விட்டால் ஃப்ரெட்லெஸ் வாசிப்புக்குப் பேர்போன ஜாகோ பஸ்டோரியஸ் திசையில் போகும்: முனகலும் கமகமும் நன்றாகத் தெரிகிற, நடு தூக்கலான ஒலி.

ஜாஸ் வாசிப்பவர்களில் பாதிப்பேர் பயன்படுத்தாத ஒரு சின்ன வித்தை சொல்கிறேன். இரண்டு வால்யூமும் முழுசாக இருக்கும்போது ஏதாவது ஒன்றை ஒரு நூலளவு மட்டும் இறக்குங்கள். நடு குழி உடனே நிரம்பும், பேஸ் முன்னால் வந்துவிடும். நெக் பிக்கப்பை இறக்கினால் குரல் கூர்மையாகும், பிரிட்ஜை இறக்கினால் பிரசிஷன் சாயல் வரும். விலையாகக் கொஞ்சம் இரைச்சல் தலைகாட்டும், ஏனென்றால் இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் இரைச்சல் முழுசாக ரத்தாகும். டியூப் லைட்டும் டிம்மரும் இருக்கிற இடத்தில் இது எரிச்சல். மற்ற இடங்களில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பிரசிஷனில் இந்தச் சித்து வேலை ஒன்றும் இல்லை. அதுதான் அதன் பலம். பிக்கப் இருக்கும் இடம் நடு அலைவரிசையைத் தூக்கிக் கொடுக்கிறது. தனியாகக் கேட்டால் 'இதில் என்ன இருக்கிறது' என்று தோன்றும், இரண்டு கிட்டாரும் கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்ததும் அது மட்டும் கேட்கும். ஸ்டூடியோ எஞ்சினியர்கள் பிரசிஷனைப் பார்த்ததும் முகம் மலர்வதற்குக் காரணம், வேலை குறைவு. டோன் நாபைப் பாதிக்கு இறக்கி வாசிப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. அந்த நாபையே மறந்தவர்கள்தான் வெளியில் பெட்டி பெட்டியாக ஈக்வலைசர் தேடுகிறார்கள்.

இதற்கு வெளியேயும் உலகம் உண்டு. 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, ஒரே பெரிய ஹம்பக்கரும் (இரைச்சலை ரத்து செய்யும் இரட்டைச்சுருள் பிக்கப்) உள்ளேயே ப்ரீஆம்பும் (ஆம்புக்கு முன்பே ஒலியைக் கூட்டிக்குறைக்கும் மின்சுற்று) கொண்டது. லூயிஸ் ஜான்சனின் ஸ்லாப்பும் பெர்னார்ட் எட்வர்ட்ஸின் டிஸ்கோ வரிகளும் அதில் பிறந்தவை. ஓங்கிய, கடினமான குரல். எல்லாப் பாட்டிலும் அது அப்படியே இருக்கும் என்பதுதான் என் தயக்கம். ரிக்கன்பேக்கர் பேஸ், 'யெஸ்' குழுவின் கிறிஸ் ஸ்கொயர் மாதிரி பிக்கோடு வாசிப்பவருக்கு. 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ்களைச் சிறுவர் கருவி என்று நினைப்பவர்கள், பால் மெக்கார்ட்னி ஹாஃப்னரில் வாசித்ததை மறந்துவிடுகிறார்கள்.

மரத்தைப் பற்றிய சண்டையில் நான் அதிகம் தங்கப் போவதில்லை. ஆல்டரா ஆஷா, மேப்பிள் ஃப்ரெட்போர்டா ரோஸ்வுட்டா என்று மணிக்கணக்கில் பேசலாம். தந்தியும் பிக்கப்பின் இடமும் மாறினால் வரும் வித்தியாசத்துக்கு முன் அது சின்னது என்பது என் கருத்து. எடை வேறு விஷயம். நாலரைக் கிலோவைத் தோளில் மாட்டி இரண்டு மணி நேரம் நின்றால் உடல்வகை, மரவகை எல்லாம் நன்றாகப் புரியும்.

ஆனால் மரம் ஒரு இடத்தில் நிஜமாகவே தன் வேலையைக் காட்டும். ஜி தந்தியில் ஐந்திலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரை ஒவ்வொரு ஸ்வரமாக ஒரே பலத்தில் மீட்டிவிட்டுக் கேளுங்கள். ஏதோ ஒன்று மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். இதுதான் டெட் ஸ்பாட். நெக்குக்கென்று ஒரு இயல்பான அதிர்வு உண்டு. ஸ்வரத்தின் அலைவரிசை அதோடு ஒத்துப்போனால் தந்தியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்ளும். ஒலி கிளம்பும், நீடிக்காது. விலை உயர்ந்த பேஸிலும் இருக்கும், மலிவானதில் இல்லாமலும் போகும். நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு கிளாம்பைக் கவ்வவிட்டால் எடை மாறி அந்த இடம் பக்கத்து ஃப்ரெட்டுக்கோ இரண்டு ஃப்ரெட்டுக்கு இடையிலோ நகரும். அதனால் கடையில் ஆம்பில் செருகுவதற்கு முன் இந்தச் சோதனையை அமைதியான மூலையில் செய்யுங்கள். செருகாத பேஸின் உடலில் காதை வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஆக்டிவ், பாசிவ் என்ற பிரிவினையை ஜாதி மாதிரி ஆக்கிவிட்டார்கள். ஆக்டிவ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப். அதனால் அடியையும் மேலையும் கூட்டவும் முடியும். பாசிவில் மேலைக் குறைக்க மட்டுமே முடியும். நீளமான கேபிளில் மேல் அலைவரிசை தொலைவதும் ஆக்டிவில் குறைவு. வசதிதான். ஆனால் முழுசாகத் திருப்புகிற கை இருந்தால் அதுவே ஆபத்து. கேபிளைச் செருகியே வைத்தால் வாசிக்காதபோதும் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆம்ப் பற்றிப் பேசும்போது ஒரு எண் தெரிந்திருப்பது நல்லது: திறந்த இ தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அடிப்படை அதிர்வைச் சின்ன ஸ்பீக்கர்கள் ஏறக்குறைய கொடுப்பதே இல்லை. ஆனாலும் ஃபோனில் பாட்டுக் கேட்டால் பேஸ் வரி தெரிகிறதே, எப்படி? 82, 123 ஹெர்ட்ஸில் இருக்கும் மேல் ஹார்மோனிக்ஸை வைத்து மூளை அடியில் உள்ளதைத் தானே கற்பித்துக்கொள்கிறது. ஆகவே கேட்பவருக்குப் பேஸ் போய்ச் சேருவது பெரும்பாலும் அடியால் இல்லை, நடுவால். வீட்டில் தனியாக வாசிக்கும்போது நடுவைக் குறைத்து அடியையும் மேலையும் ஏற்றி ஒரு பிரமாதமான ஒலியை அமைத்துக்கொள்கிறோம். குழுவோடு நின்றதும் அடியை கிக் டிரம் விழுங்கிவிடும், மேலை சிம்பல் விழுங்கிவிடும், நாம் காணாமல் போவோம். உடனே வால்யூமை ஏற்றுவோம், சத்தம்தான் கூடும், வரி தெரியாது. 250லிருந்து 800 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் கூட்டினால், தனியாகக் கேட்க அசிங்கமாக இருந்தாலும், குழுவில் வார்த்தை புரிகிற மாதிரி ஸ்வரம் புரியும்.

இங்கே இன்னொரு புரளியையும் சொல்லிவிடுகிறேன். '41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டர், அதனால் எட்டு மீட்டர் தள்ளி நின்றால்தான் அந்த ஒலி உருவாகும்' என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். நீளம் சரி, முடிவு தப்பு. அப்படியானால் ஹெட்ஃபோனில் பேஸே கேட்கக் கூடாது. நடப்பது என்னவென்றால், சுவர்களில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு சேர்ந்து சில இடங்களில் கூடும், சில இடங்களில் அழியும். நீங்கள் அழிகிற இடத்தில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். நாபைத் தொடுவதற்கு முன் இரண்டடி நகர்ந்து பாருங்கள். ஆம்ப் முழங்கால் உயரத்தில் இருந்தால் அதை நாற்காலி மேல் தூக்கி வைப்பதும் பலன் தரும்; மேல் அலைவரிசை நேராகத்தான் போகும், காது முழங்காலில் இல்லை.

பிக் வைத்து வாசிப்பதைக் கிண்டல் செய்பவர்களுக்கு ஒரே பெயர் போதும்: கரோல் கே. கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போகவே அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதன்பிறகு எண்ணற்ற பதிவுகள், பெரும்பாலும் பிக்கோடு. பிக்கின் ஒலி மெல்லிசாக இருக்கும் என்பது மெல்லிய பிக்கைக் கெட்டியாகப் பிடித்துப் பிரிட்ஜ் பக்கம் அடிப்பதால் வருவது. தடித்த பிக், தந்திக்கு இணையாக, கொஞ்சம் நெக் பக்கம், வலதுகை விளிம்பால் தந்தியை லேசாக அடக்கிக்கொண்டு வாசித்துப் பாருங்கள். விரலைவிடத் தடிப்பான ஒலி வரும். வேகமான எட்டாம் ஸ்வரங்கள் (ஒரு அடிக்கு இரண்டு) ஒரே சீராக ஓட வேண்டிய பாட்டில் பிக்குக்குப் போட்டியே கிடையாது. விரலுக்குள்ள நெளிவு அதில் கிடைக்காது, அதுவும் உண்மை. இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் கட்சி கட்ட ஒன்றுமில்லை.

ஸ்லாப்பை வித்தை காட்டுவதற்கான பாணி என்று நினைக்கிறவர்களுக்கு அதன் பிறப்பு தெரியாது. அதைத் தொடங்கிவைத்த பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் தன் அம்மாவோடு குழுவில் வாசித்தபோது டிரம்ஸ் இல்லாமல் போனது. கட்டைவிரலால் அடித்து கிக் டிரம்மையும், விரலால் தந்தியைச் சுண்டி ஸ்னேரையும் ஈடுகட்டினார். இல்லாத டிரம்ஸுக்குப் பதிலாகப் பிறந்தது. டிரம்ஸ் இருக்கிற இடத்தில் எவ்வளவு ஸ்லாப் வேண்டும் என்பதற்கு அந்தக் கதையே ஒரு குறிப்பு. பழகும்போது கட்டைவிரல் தந்தியை அழுத்தி நிற்கக் கூடாது. மணிக்கட்டைத் திருப்பி, பட்டதும் எழும்ப வேண்டும். தந்தி உயரம் அதிகமாக இருந்தால் எவ்வளவு பழகினாலும் வராது.

ஃப்ரெட்லெஸ், ஐந்து தந்தி இரண்டையும் முதல் சொந்தப் பேஸாக நான் சொல்ல மாட்டேன். ஜாகோ 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு, ரவுண்ட்வவுண்ட் தந்தி மரத்தை அரிக்காமல் இருக்கப் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார் என்ற கதையைக் கேட்டு ஆசை வருவது இயல்பு. ஆனால் ஃப்ரெட்லெஸில் விரல் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் சுருதி தப்பும். குழுவில் தன் சத்தம் சரியாகக் கேட்காத இடத்தில் அது தண்டனை. ஐந்தாவது தந்தியான தாழ்ந்த பி 31 ஹெர்ட்ஸ். 34 அங்குல நீளத்தில் சில பேஸ்களில் அது தொளதொளவென்று இருக்கும், 35 அங்குலத்தில் இறுக்கம் கூடும். இ-க்குக் கீழே இறங்கும் பாடல்களை அடிக்கடி வாசிப்பவருக்கு அது அவசியம். மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் கட்டைவிரல் வைத்துக்கொள்ளும் இடம்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நாலைந்து பேர் குழுவில், பலவகைப் பாட்டு, பெரும்பாலும் விரலால் வாசிப்பு என்றால் பிரசிஷன். கை சிறியது, ஸ்லாப் ஆசை உண்டு, அல்லது கிட்டார் இல்லாத சின்னக் குழுவில் உங்கள் வரி முன்னால் நிற்க வேண்டும் என்றால் ஜாஸ். இரண்டுக்கும் நடுவில் திணறினால் முன்னால் பிரசிஷன் பிக்கப்பும் பின்னால் ஜாஸ் பிக்கப்பும் உள்ள பேஸ்கள் பல நிறுவனங்களிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் தப்பில்லை. பின் பிக்கப்பை மட்டும் வைத்து வாசித்தால் இரைச்சல் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன் இரவல் பேஸில் ஒரு செட் ஃப்ளாட்வவுண்ட் மாட்டி, டோனைப் பாதிக்கு இறக்கி, ஸ்பாஞ்சு செருகி ஒரு மாதம் வாசியுங்கள். நண்பரிடம் சொல்லிவிட்டு மாட்டுங்கள். அந்த ஒலி பிடித்துப்போனால் உங்களுக்கு வேண்டியது பிரசிஷன், அதில் சந்தேகமில்லை. மூன்றாம் நாளே மூச்சு முட்டி ஸ்பாஞ்சை எடுத்து, டோனைத் திறந்து, கை தானாக பிரிட்ஜ் பக்கம் நகர ஆரம்பித்தால் ஜாஸைப் பாருங்கள். கடையில் எந்தப் பேஸை எடுத்தாலும் உட்கார்ந்து பார்ப்பதோடு நிற்காமல் ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நில்லுங்கள். கையை எடுத்ததும் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்தால், இடதுகை வாழ்நாள் முழுக்க அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் தொட்டு, டெட் ஸ்பாட் எங்கே என்று தேடுங்கள். நீங்கள் அடிக்கடி நிற்கிற ஸ்வரத்தில் அது விழுந்தால், எவ்வளவு அழகான பேஸாக இருந்தாலும் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.